பத்தில் விழ வேண்டியது ஒன்பதில்: ஒரு .22 ரைஃபிளுக்கு ஸ்கோப் தேடிய கதை

குண்டு ஏன் பத்தில் விழவில்லை என்று அண்ணன் சந்தேகப்பட்ட வரிசை இது: முதலில் தோட்டா, அப்புறம் குழல், அப்புறம் தன் கை. ரைஃபிளின் மேல் மாட்டிய ஸ்கோப்பின், அதாவது குறிபார்க்கும் தொலைநோக்கியின், முறை வர நான்கு மாதம் ஆனது. அதற்குள் மூன்று கம்பெனித் தோட்டாக்களில் பெட்டி பெட்டியாக வாங்கிச் சுட்டுத் தீர்த்திருந்தார்.

நாங்கள் இருப்பது அமெரிக்காவில், ஒஹாயோவில். அவர் மதுரைப் பக்கம், என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர், இயந்திரப் பொறியாளர். துப்பாக்கி ஆசை அவருக்கு மகளிடமிருந்து வந்தது. மகள் கல்லூரி ரைஃபிள் அணியில் இருக்கிறாள். இங்கே கல்லூரி .22 போட்டியை 50 அடி தூரத்தில் படுத்து, முழங்காலிட்டு, நின்று என மூன்று நிலைகளில் சுடுவார்கள். ஆணும் பெண்ணும் ஒரே அணி. அதில் ஸ்கோப் கிடையாது. பின்னால் ஒரு சிறு துளை, முன்னால் ஒரு வளையம், அவ்வளவுதான். ஒலிம்பிக்கின் 50 மீட்டர் ரைஃபிளிலும் அப்படித்தான். அப்பாவும் அதையே எடுத்துப் பார்த்தார். ஐம்பதைத் தாண்டிய கண்ணுக்கு முன் வளையம் தெரிந்தால் இலக்கு மங்குகிறது, இலக்கு தெரிந்தால் வளையம் மங்குகிறது. வெள்ளெழுத்து யாரை விட்டது?

ஸ்கோப் அந்தத் தொல்லையைத் தீர்த்துவிடும். இலக்கும் குறுக்குக்கோடும் கண்ணுக்கு ஒரே தூரத்தில் இருப்பதுபோலத் தெரியும். கண் ஒன்றைப் பார்த்தால் போதும். எனவே அவர் சி.இசட். 457 வார்மின்ட் ஒன்றை வாங்கினார். கனத்த குழல் கொண்ட போல்ட் ரைஃபிள், இந்த விலைக்கு நல்ல சாமான். ஸ்கோப்புக்குக் கடைக்காரர் பேச்சைக் கேட்டு 3-9x40 ஒன்றை மாட்டிக்கொண்டு வந்தார். அதாவது மூன்று மடங்கிலிருந்து ஒன்பது மடங்கு வரை பெரிதாக்கும், முன் லென்ஸின் விட்டம் 40 மில்லிமீட்டர். கம்பெனிப் பெயர் வேண்டாம். மான் வேட்டைக்கு அது நல்ல ஸ்கோப்தான், குறை அதனுடையதல்ல.

என்ன நடந்துகொண்டிருந்தது

எங்கள் மன்றத்தில் 50 மீட்டரில் மேசையில் உட்கார்ந்து, மணல்மூட்டை மேல் வைத்துச் சுடும் வழக்கம் உண்டு. இலக்கு அட்டை சர்வதேச 50 மீட்டர் அட்டை. அதன் பத்து வளையத்தின் விட்டம் 10.4 மில்லிமீட்டர், ஒன்பது 26.4, எட்டு 42.4. ஓட்டையின் ஓரம் கோட்டைத் தொட்டாலே அந்தப் புள்ளி உண்டு. குண்டு 5.6 மில்லிமீட்டர் பருமன் என்பதால், குண்டின் மையம் இலக்கின் மையத்திலிருந்து 8 மில்லிமீட்டர் வரை தள்ளிப் போனாலும் பத்து கிடைத்துவிடும். இந்த எட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வரும்.

அண்ணனின் அட்டையில் நான்கைந்து குண்டுகள் ஒரே ஓட்டைபோல விழும். அப்புறம் ஒன்று இடப்பக்கம் ஒன்பதில். அடுத்தது மேலே ஒன்பதில். காற்று என்றால் எல்லாம் ஒரே பக்கம் போக வேண்டும். தோட்டா என்றால் வேகம் கூடிக் குறைந்து மேலும் கீழுமாகத்தான் பெரும்பாலும் பரவும். இது நாலா பக்கமும் போனது. குழலைச் சுத்தம் செய்தார். ரைஃபிளைக் கட்டையோடு பிணைக்கும் திருகுகளைக் கழற்றி மறுபடி முறுக்கினார். ஒன்றும் மாறவில்லை.

துப்பு கிடைத்தது தற்செயலாகத்தான். ஒரு சனிக்கிழமை, "தம்பி, நீ ஒரு அஞ்சு சுட்டுப் பாரு" என்றார். சுட்டேன். ஐந்தும் நெருக்கமாக விழுந்தன, ஆனால் அவருடைய கூட்டத்துக்கு வலப்பக்கம் ஆறேழு மில்லிமீட்டர் தள்ளி. அவர் உட்கார்ந்து ஐந்து சுட்டார். பழைய இடத்துக்கே வந்தது. ஸ்கோப்பை யாரும் தொடவில்லை, காற்றும் இல்லை.

ஒரே ரைஃபிள், ஒரே தோட்டா, ஆள் மாறினால் இடம் மாறுகிறது என்றால் மாறுவது இரண்டுதான்: விசையை இழுக்கும் விரல், ஸ்கோப்புக்குப் பின்னால் இருக்கும் கண். அவர் முகம் ஒடுக்கம், என் கன்னம் கொஞ்சம் சதைப்பற்று. கட்டையில் கன்னத்தைச் சாய்த்தால் எங்கள் கண்கள் ஒரே இடத்துக்கு வருவதில்லை.

ஆய்வகத்து அம்மீட்டர்

பள்ளி இயற்பியல் ஆய்வகத்தில் அம்மீட்டர் முள்ளுக்குக் கீழே ஒரு கண்ணாடிப் பட்டை இருக்கும். முள்ளும் அதன் பிம்பமும் ஒன்றின்மேல் ஒன்றாகத் தெரியும்படி தலையை வைத்துத்தான் அளவைப் படிக்க வேண்டும். இல்லையென்றால் இடமாறு தோற்றப் பிழை. செய்முறைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்த அந்தச் சொல்தான் இங்கே பாரலாக்ஸ்.

ஸ்கோப்பின் முன் லென்ஸ் இலக்கின் பிம்பத்தைக் குழாய்க்குள் ஓரிடத்தில் விழச் செய்கிறது. குறுக்குக்கோடு பொறித்த கண்ணாடியும் அதே இடத்தில் இருந்தால் இரண்டும் ஒட்டவைத்ததுபோல இருக்கும். தலை எங்கே போனாலும் கோடு நகராது. இலக்கு கிட்டே வந்தால் பிம்பம் கண் பக்கமாகப் பின்னே நகர்ந்துவிடும். இப்போது கோடும் பிம்பமும் முள்ளும் அளவுகோலும்போல இரண்டு தளத்தில். கண் நகர்ந்தால் கோடு இலக்கின்மேல் ஊர்வதுபோலத் தெரியும்.

பெரிய துப்பாக்கிகளுக்கான சாதாரண ஸ்கோப்புகளில் பிம்பமும் கோடும் பொருந்தும் தூரத்தை ஆலையிலேயே, பெரும்பாலும் 100 கஜத்தில், நிலையாக வைத்துவிடுவார்கள். லியூபோல்டின் சில ஸ்கோப்புகளில் அது 150 கஜம். அண்ணனுடையது 100. அதாவது 91.4 மீட்டர். அவர் சுடுவது 50 மீட்டரில்.

கணக்கு சுலபம். முன் லென்ஸின் ஆரத்தை எடுத்துக்கொள்ளுங்கள், 20 மில்லிமீட்டர். இரண்டு தூரங்களின் வித்தியாசம் 41.4 மீட்டர், அதை 91.4-ஆல் வகுத்து ஆரத்தால் பெருக்கினால் 9 மில்லிமீட்டர். கண் பார்வைவட்டத்தின் ஓரத்துக்குப் போகும்போது வரக்கூடிய அதிகபட்சப் பிழை அது. பத்து வாங்க எவ்வளவு தள்ளலாம் என்றோம்? 8. ஆகவே குறுக்குக்கோடு நட்டநடுவில் நிற்க, விசையைத் தவறே இல்லாமல் இழுத்தும் ஒன்பது வாங்க முடியும்.

அதற்குத் தலை எவ்வளவு நகர வேண்டும் என்பதுதான் எனக்கே திகைப்பாக இருந்தது. ஸ்கோப்பிலிருந்து கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றையின் விட்டம், முன் லென்ஸின் விட்டத்தை மடங்கால் வகுத்தது. 40-ஐ 9-ஆல் வகுத்தால் 4.4 மில்லிமீட்டர். நடுவிலிருந்து ஓரம் வரை 2.2. கண் இந்த இரண்டு மில்லிமீட்டர் நகர்ந்தால் இலக்கில் ஒன்பது மில்லிமீட்டர் போகிறது. இன்னொன்று: அதே ஸ்கோப்பை மூன்று மடங்கில் வைத்தால், அதே 2.2 மில்லிமீட்டர் கண் நகர்வுக்குப் பிழை மூன்றில் ஒரு பங்குதான். மடங்கைக் கூட்டினால் துல்லியம் கூடும் என்று நினைத்துக் கூட்டுகிறோம். தலை சரியாக நிற்காதவனுக்குப் பிழையும் சேர்ந்தே கூடுகிறது.

அட்டை மூடி

பொறியாளரிடம் கணக்கைக் காட்டினால் போதாது, சோதனை வேண்டும். முதல் சோதனைக்குக் காசு இல்லை. போல்ட்டை வெளியே எடுத்து வைத்துவிட்டு, ரைஃபிளை மணல்மூட்டைகளுக்கு நடுவே அசையாமல் புதைத்து, கோட்டை அட்டையின் கருப்பு வட்ட நடுவில் நிறுத்தினோம். கட்டையைத் தொடாமல் குனிந்து, தலையை மட்டும் இடம் வலமாக ஆட்டிப் பார்க்கச் சொன்னேன். "ஏய், ஓடுதுப்பா!" என்றார். பத்துக்கு வெளியே ஒரு பக்கம், மறுபடி உள்ளே, அப்புறம் மறுபக்கம் வெளியே.

இரண்டாவது சோதனை அவருடைய யோசனை. தானிய டப்பாவின் அட்டையில் ஒரு வட்டம் வெட்டி, நடுவில் 15 மில்லிமீட்டர் துளை போட்டு, முன் லென்ஸின் மேல் மூடிபோல ஒட்டினார். ஆரம் 20-லிருந்து 7.5 ஆகிவிட்டது; அதிகபட்சப் பிழை 3.4 மில்லிமீட்டருக்கு மேல் போக முடியாது. படம் மங்கியது. நல்ல வெயில், பரவாயில்லை. கண்ணைச் சரியான இடத்தில் வைக்காவிட்டால் எல்லாமே கறுத்துவிடும், அதுவும் நல்லதுக்குத்தான். தலையை அதுவே நடுவுக்குக் கொண்டுவந்துவிடும். பத்துக் குண்டு சுட்டார். ஒன்பதில் ஒன்றே ஒன்று. அதுவும் தன் தப்புதான் என்று விசையை இழுத்தவுடனே சொல்லிவிட்டார்.

அன்றோடு தோட்டா வாங்குவது நின்றது. முன் லென்ஸின் வளையத்தைத் திருகி 50 கஜத்துக்கு மாற்றிக்கொள்ளலாமே என்று இரண்டு நாள் துடித்தார். சில ஸ்கோப்புகளில் அது நடக்கும். ஆனால் உள்ளே அடைத்திருக்கும் நைட்ரஜன் வெளியேறி, ஈரம் புகுந்து மூடுபனி படியும், உத்தரவாதமும் போகும். வேண்டாம் என்று தடுத்தேன்.

எதற்காக வாங்குகிறோம்

இங்கேதான் எங்களுக்குள் வாக்குவாதம். அண்ணனுக்கு 36 மடங்கு வேண்டும். "பெருசாத் தெரிஞ்சா சரியாச் சுடலாம்ல?" மன்றத்தில் ஒருவரிடம் பழைய வீவர் டி-36 இருந்தது. மடங்கு மாறாதது, முன் வளையத்தைத் திருகிப் பாரலாக்ஸைச் சரிசெய்யலாம், குறியை நகர்த்தும் திருகின் ஒரு கிளிக்குக்கு எட்டில் ஒரு எம்.ஓ.ஏ. (ஒரு எம்.ஓ.ஏ. என்பது ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு). மேசைச் சுடுதலுக்கென்றே பிறந்த ஸ்கோப். ஒரு மணி நேரம் இரவல் வாங்கிக் கொடுத்தேன். அட்டையில் விழுந்த ஓட்டையின் ஓரச் சிராய்ப்புகூடத் தெரிந்தது. நாடித் துடிப்புக்குக் கோடு துள்ளுவதும் தெரிந்தது. வெயில் ஏறியபின் கானல் நெளிந்து கருப்பு வட்டம் கூழ் கொதிப்பதுபோல ஆடியது. ஆனாலும் அவருக்கு ஆசை போகவில்லை.

ஆசையைக் குறைத்தது வேறொன்று. என்.ஆர்.எல்.22 என்று 2017-இல் தொடங்கிய மாதாந்திர ஆட்டம் ஒன்று உண்டு. 25 முதல் 100 கஜம் வரை சின்னச் சின்ன எஃகுத் தகடுகள். மரத்தடுப்பு, ஏணி என்று எதன்மேலாவது ரைஃபிளைச் சாய்த்து, கடிகாரம் ஓட ஓடச் சுட வேண்டும். அதையும் ஆட வேண்டும் என்றார். டி-36-இன் வழியே 100 கஜத்தில் தெரியும் அகலம் மூன்றடிதான். ஏணிப்படியில் ரைஃபிளை வைத்துக்கொண்டு அந்த மூன்றடிக்குள் தகட்டைத் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் நேரம் முடிந்துவிடும்.

கேம்ப் பெர்ரி ஆசையும் ஒன்று இருந்தது. எங்கள் மாநிலத்திலேயே, ஈரி ஏரிக்கரையில் உள்ள சுடுதளம். அங்கே நடக்கும் ரிம்ஃபயர் (.22 வகைத் தோட்டா) ஸ்போர்ட்டர் போட்டியில் ஸ்கோப் வகுப்புக்கு ஆறு மடங்குதான் உச்சவரம்பு, பார்வைச் சாதனத்தோடு சேர்த்து ரைஃபிளின் எடை 7.5 பவுண்டுக்குள் இருக்க வேண்டும். அண்ணனின் ரைஃபிள் ஸ்கோப் இல்லாமலேயே ஏழு பவுண்டு. எந்த ஸ்கோப்பை வைத்தாலும் தாண்டிவிடும். அதற்கு வேறு இலகுவான ரைஃபிள்தான் வழி என்று அந்தக் கேள்வியை மூடிவிட்டோம். ஸ்கோப் பட்டியலுக்கு முன்னால் போட்டி விதியைப் படித்தால் இந்த மாதிரி ஒரு மாலை மிச்சமாகும்.

மிஞ்சியது இரண்டு வேலை: 50 மீட்டர் அட்டை, 25 முதல் 100 கஜம் வரை தகடு. இரண்டும் எதிரெதிர்ப் பக்கம் இழுக்கின்றன.

மலிவாக முடிக்க வோர்டெக்ஸ் கிராஸ்ஃபயர் 2, 2-7x32 ரிம்ஃபயர் இருந்தது. பாரலாக்ஸ் 50 கஜத்தில் நிலையானது. அதை 50 மீட்டரில் பயன்படுத்தினால் பிழை அதிகபட்சம் ஒன்றரை மில்லிமீட்டர், கவலையே இல்லை. ஆனால் 25 கஜத்தில் 8 மில்லிமீட்டர், 100 கஜத்தில் 16. தகட்டு ஆட்டத்தில் மிகச்சிறிய தகடு கால் அங்குலம், ஆறு மில்லிமீட்டர் சொச்சம். வாங்கப் போகிறவர்களுக்கு ஒன்று: இதே பெயரில், இதே அளவில் 100 கஜத்துக்கு வைத்த ஸ்கோப்பும் உண்டு. பெட்டியில் 'ரிம்ஃபயர்' என்ற ஒரு சொல்தான் வித்தியாசம்.

எனவே பாரலாக்ஸைத் திருகிச் சரிசெய்யும் குமிழ் வேண்டும், அதுவும் 25 கஜத்துக்கும் கீழே இறங்க வேண்டும். இந்த ஒரே நிபந்தனையில் கடைப் பட்டியலில் பாதி உதிர்ந்தது. பல ஸ்கோப்புகள் 50 கஜத்தோடு நின்றுவிடும். அத்லான் ஆர்கோஸும் வோர்டெக்ஸ் டயமண்ட்பேக் டாக்டிகலும் எஞ்சின. இரண்டும் 6-24x50, இரண்டிலும் குமிழ் 10 கஜம் வரை இறங்கும். கடையில் இருந்தது வோர்டெக்ஸ்.

அடுத்த சண்டை, மில்லா எம்.ஓ.ஏ.வா. மில்லும் கோண அளவுதான், தூரத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. தகட்டு ஆட்டத்தில் எல்லோரும் மில்லில்தான் பேசுவார்கள். 50 கஜத்துக்குச் சரிசெய்த .22, 40 கிரெயின் எடைக் குண்டு, நொடிக்கு 1070 அடி வேகம் என்றால் 100 கஜத்தில் ஏழு அங்குலம் போல விழும், அதாவது இரண்டு மில். பக்கத்தில் நிற்பவர் "ரெண்டு பிடி" (இரண்டு மில் மேலே குறிவை) என்று சொல்ல, நீங்கள் மனதுக்குள் பெருக்கிக்கொண்டிருந்தால் சிரமம். ஆனால் 50 மீட்டர் அட்டையில் 0.1 மில் கிளிக் ஒன்றுக்கு 5 மில்லிமீட்டர் நகரும். பத்து வளையத்தில் பாதி. கால் எம்.ஓ.ஏ. கிளிக்குக்கு 3.6. நான் மில் என்றேன். அவர் அட்டைதான் தனக்கு முக்கியம் என்று எம்.ஓ.ஏ. வாங்கினார். இன்றைக்கும் தகட்டு ஆட்டத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு பெருக்குகிறார்.

மாட்டியபோது நடந்த கூத்து

50 மில்லிமீட்டர் முன் லென்ஸ் குழலில் இடிக்காமல் இருக்க, ஸ்கோப்பைப் பிடிக்கும் வளையங்கள் உயரமாக வேண்டியிருந்தன. ஸ்கோப் மேலே போனது, அதோடு தலையும். கன்னம் கட்டையைத் தொடவே இல்லை. தாடை நுனிதான் தொட்டது. எந்த நோய்க்கு மருந்து வாங்கினோமோ அதே நோயை வளையம் திரும்பக் கூட்டிவந்தது. யோகாப் பாயின் துண்டு ஒன்றை வெட்டி, கட்டையின் மேல் இரண்டு மடிப்பாக வைத்து, ஒட்டுநாடாவால் சுற்றினோம். கண்ணை மூடிக்கொண்டு கன்னத்தை வைத்து, திறந்தால் படம் முழு வட்டமாகத் தெரிய வேண்டும். மூன்றாவது முயற்சியில் வந்தது.

கோட்டை நிமிர்த்த வேலியில் ஒரு தூக்குக்குண்டைத் தொங்கவிட்டோம். ரைஃபிள் ரசமட்டத்தில் நிற்க, செங்குத்துக் கோடு தூக்குக்குண்டின் நூலோடு ஒட்டும்வரை ஸ்கோப்பைச் சுழற்றி, பிறகு திருகுகளைக் குறுக்கும் நெடுக்குமாகக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கினோம். 50 மீட்டரில் சாய்வு பெரிதாகத் தெரியாது. 200 கஜத்தில் 25 எம்.ஓ.ஏ. ஏற்றிச் சுடும்போது ரைஃபிள் மூன்று பாகை சாய்ந்திருந்தால் குண்டு இரண்டரை அங்குலத்துக்கு மேல் பக்கவாட்டில் போய்விடும்.

முதல் நாள் சுட்டபோது மறுபடி ஒன்பது. அண்ணன் முகம் சுண்டிவிட்டது. பார்த்தால், குமிழில் 50 என்று எழுதிய இடத்தில் வைத்துவிட்டு நம்பிக்கையோடு சுட்டிருக்கிறார். குமிழின் எண்கள் உத்தேசம்தான். முதலில் கண் பக்க வளையத்தைத் திருகி, வெள்ளைச் சுவரையோ வானத்தையோ சட்டென்று பார்த்துக் கோடு கூர்மையாகத் தெரியும்படி வைக்க வேண்டும். நெடுநேரம் பார்த்தால் கண்ணே சமாளித்துக்கொண்டு பொய் சொல்லும். அதற்கப்புறம் குமிழைத் திருகித் தலையை ஆட்ட வேண்டும், கோடு நிற்கும்வரை. படம் பளிச்சென்று தெரிவதும் பாரலாக்ஸ் தீர்வதும் எப்போதும் ஒரே இடத்தில் வருவதில்லை, தலையாட்டல்தான் தீர்ப்பு. அவருடைய ஸ்கோப்பில் அந்த இடம் 50-க்கும் 75-க்கும் நடுவே இருந்தது. வெள்ளை மையால் ஒரு புள்ளி வைத்துக்கொண்டார். மூக்குக்கண்ணாடியிலும் ஒரு கோளாறு. அது தூரமும் கிட்டவும் ஒரே வில்லையில் சேர்ந்தது; தலை சாயும்போதெல்லாம் பார்வை மாறியது. சுடுவதற்கு மட்டும் தூரப்பார்வைக் கண்ணாடியைத் தனியாகப் போட்டுக்கொள்கிறார்.

பழைய ஸ்கோப்பைத் திரும்ப மாட்டினோம்

அட்டை நன்றாக வரத் தொடங்கியதும், எனக்கு ஒரு குறுகுறுப்பு. முன்னேற்றம் புது ஸ்கோப்பாலா, யோகாப் பாயாலா? பழைய 3-9-ஐத் தாழ்வான வளையத்தில் மாட்டி, பாயை ஒரு மடிப்பாகக் குறைத்து, கன்னம் அதே மாதிரி பதியும்படி செய்தோம். 50 மீட்டரில் மூன்று அட்டை. புது ஸ்கோப்போடு ஒப்பிட்டால் அட்டைக்கு ஒன்றிரண்டு புள்ளிதான் குறைவு. நான்கு மாதத் தோட்டாச் செலவும் புது ஸ்கோப்பின் விலையும் ஒரு பக்கம், ஒட்டுநாடா சுற்றிய பாய்த்துண்டு மறுபக்கம். அண்ணன் கொஞ்ச நேரம் பேசவில்லை.

அப்புறம் 25 கஜத்தில் அதே பழைய ஸ்கோப். கணக்குப்படி 15 மில்லிமீட்டர் வரை பிழை. கன்னம் பதிந்திருந்தும் கால் அங்குலத் தகடு அகப்படவில்லை. தடுப்பின்மேல் கோணலாகச் சாய்ந்து சுடும்போது கன்னம் ஒரே இடத்தில் எங்கே பதிவது? "சரி, அப்ப வாங்குனது வீண் இல்ல" என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டார். என் கணக்கிலும் வீண் இல்லை. மேசையிலிருந்து 50 மீட்டர் மட்டும் சுடுகிறவராக இருந்திருந்தால் வீண் என்றுதான் சொல்லியிருப்பேன்.

நன்றிகூறல் விடுமுறைக்கு மகள் வீட்டுக்கு வந்தபோது ரைஃபிளை எடுத்துக் காட்டினார். அவள் குனிந்து பார்த்தாள். மடங்கு வளையம் 24-இல் நின்றது. "எதுக்குப்பா இவ்ளோ? என் நாடியே தெரியுது" என்று 12-க்குத் திருப்பி, ஐந்து சுட்டாள். ஐந்தும் பத்து. அவள் ஊருக்குத் திரும்பிப் போனபின்னும் வளையம் 12-லேயே இருக்கிறது.